புதிய பள்ளியின் வாசல் யாருக்கு? திருமண்டலப் பேராயருக்கும் செயற்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பேராயர் அவர்களுக்கும், திருமண்டலச் செயற்குழுவின் அலுவலர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

கடந்த மாதம் இரண்டாம் ஞாயிறன்று, ஆராதனையின் அறிவிப்பு வேளையில், தங்கள் சுற்றறிக்கை எங்கள் ஆலயத்தில் வாசிக்கப்பட்டது. நான்குவழிச் சாலையை ஒட்டியுள்ள திருமண்டல நிலத்தில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் புதிய கிறிஸ்தவப் பள்ளி ஒன்று நிறுவப்படும் என்றும், ஜனவரி மாதம் அதற்கு அடிக்கல் நாட்டப்படும் என்றும், அருகருகே உள்ள சபைகள் சேர்ந்த ஒவ்வொரு சேகரமும் தனக்கு ஒதுக்கப்பட்ட தொகையை அதற்குள் செலுத்திவிட வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அதே சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியில், பிள்ளைகளின் எண்ணிக்கை இருபதுக்குக் கீழே போய்விட்ட தொடக்கப்பள்ளிகளை அடுத்த கல்வியாண்டில் மூடவோ அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்கவோ நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஒரேயொரு வரியும் இருந்தது. அந்த ஒரு வரிக்குள் அடங்கும் பள்ளிகளுள் ஒன்றில் நான் 31 ஆண்டுகள் பணியாற்றினேன். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் தலைமையாசிரியையாக இருந்து, இந்த ஆண்டு மே மாதம் ஓய்வு பெற்றேன். அந்த வரியைக் கேட்டுவிட்டு ஆமென் சொல்லி எழுந்துபோக என்னால் முடியவில்லை. சேகரக் கமிட்டியில் வாய்மொழியாகச் சொன்னேன், எழுத்திலும் கொடுத்தேன், பதில் வரவில்லை. ஆகவே திருமண்டலத்தார் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

புதிய பள்ளியே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. ஆங்கிலத்துக்கும் நான் பகையாளி அல்ல. என் பேரப்பிள்ளைகள் இருவரும் ஆங்கிலவழிப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். கிராமத்துப் பெற்றோர் தங்கள் பிள்ளை நாலு வார்த்தை ஆங்கிலம் பேசவேண்டும் என்று ஏங்குவதை நான் ஒருநாளும் தவறாக நினைத்ததில்லை. நான் கேட்பது ஒன்றைத்தான். திருச்சபையின் பணத்தில், திருச்சபையின் நிலத்தில், கிறிஸ்துவின் பெயரால் ஒரு பள்ளி எழும்பினால், அதன் வாசல் யாருக்குத் திறக்கும்? சுற்றறிக்கையின் நான்கு பக்கங்களிலும் இதற்கு விடை தேடினேன். குளிரூட்டப்பட்ட வகுப்பறைகள், நீச்சல் குளம், ரோபாட்டிக்ஸ் கூடம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஏழைப் பிள்ளை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அந்தப் பள்ளிக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இன்றைக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை உண்டு. உலையில் அரிசி போடும் முன்னர் ஒரு கைப்பிடி எடுத்து ஓலைக் கொட்டானில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை மாலை பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடுவீடாகப் போய் வாங்கி வருவார்கள். வசதியுள்ள வீட்டுப் பொன்னியும், ரேஷன் அரிசியும், சில வீடுகளில் குருணையும் ஒரே சாக்கில் கலந்துவிடும். கலந்த அரிசியை யாரும் சமைக்க வாங்கமாட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஏலம் விடும்போது கோழித்தீவனத்துக்கென்று சொற்ப விலைக்குப் போகும். அந்தச் சொற்பத் தொகையும் சேர்ந்துதான் எங்கள் சேகரம் தங்களுக்கு அனுப்பும் பணம். நகரத்துச் சபைகளில் ஒரே குடும்பம் ஒரு வகுப்பறைக்கான தொகையைக் காசோலையாக எழுதிக் கொடுத்துவிடலாம். எங்களுடையது கைப்பிடியாகத்தான் சேர்கிறது, எங்களுக்கு ஒதுக்கிய இலக்கோ லட்சங்களில் இருக்கிறது.

அந்தக் கொட்டானில் தவறாமல் அரிசி போடும் ஒரு தாயை எனக்குத் தெரியும். பீடி சுற்றுகிறார். கணவர் வெளியூரில் ஒரு மளிகைக் கடையில் வேலை. மூத்த மகள் என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கணக்கில் அவளைப் போல் ஒரு பிள்ளையை என் பணிக்காலத்தில் நான் அதிகம் பார்க்கவில்லை. ஐந்தாவது முடிந்ததும் அவளை ஆறாம் வகுப்பில் சேர்க்கக் கேட்டு, நம் திருமண்டலமே நடத்தும் ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றுக்குத் தாயும் மகளுமாகப் போனார்கள். அவர்கள் தயங்கியதால் நானும் உடன் போனேன். அலுவலக வாசலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைக்குப் பொழுது போகவில்லை. எதிர்ச்சுவரில் பதித்திருந்த பளிங்குக் கல்லில் கட்டடத்துக்கு நன்கொடை தந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தவள் திடீரென்று திரும்பி, “டீச்சர், நம்ம சேகரத்துப் பேரு போட்டிருக்கு” என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. சற்று நேரத்தில் உள்ளே அழைத்தார்கள். விண்ணப்பத்தில் பெற்றோரின் கல்வித் தகுதி, மாத வருமானம் என்ற இரண்டு கட்டங்களைப் பார்த்துவிட்டு, “அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே, வீட்டில் யார் ஹோம்வொர்க் சொல்லித்தருவார்கள்?” என்று கேட்டார்கள். கட்டணத்தையும், கட்டணத்துக்கு வெளியே கட்டவேண்டிய தொகையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார்கள். அந்தச் சீட்டை எங்கள் கையில் தரவில்லை. கம்மலை அடகு வைத்தாலும் அந்தத் தொகையில் பாதிகூட வராது என்று பேருந்தில் வரும்போது அந்தத் தாய் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தார். அடுத்த சனிக்கிழமையும் அவர் வீட்டுக் கொட்டானில் அரிசி இருந்தது.

அந்தப் பளிங்குக் கல்லில் எங்கள் சேகரத்தின் பெயர் எத்தனை கைப்பிடி அரிசிக்குப் பதிலாகப் பொறிக்கப்பட்டது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெயரை வாசித்த பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இடம் இல்லை என்பதை என் கண்ணால் பார்த்தேன். புதிய பள்ளியிலும் இப்படி ஒரு கல் பதிக்கப்படும். அதிலும் எங்கள் சேகரத்தின் பெயர் இருக்கும். அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

சட்டம் இதில் நமக்குத் தந்திருக்கும் இடத்தைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தபோது, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்குத் தரவேண்டும் என்று விதித்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, நிதியுதவி பெறுபவையானாலும் பெறாதவையானாலும் சிறுபான்மையினரின் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. தங்கள் கல்வி நிலையங்களை நிறுவி நடத்த அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு வழங்கிய உரிமையே அதற்கு அடிப்படை. இதன் பொருள் என்ன? நான்குவழிச் சாலையில் நம் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வணிகர் பள்ளி தொடங்கினால், அவர் நான்கில் ஒரு பங்கு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கக் கடமைப்பட்டவர். நாம் ஒரு பிள்ளையையும் சேர்க்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். கடந்த 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு அந்த 2014 தீர்ப்பு சரிதானா என்று ஐயம் எழுப்பி, மறுபரிசீலனைக்காகத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது. அந்த அமர்வு எழுப்பிய கேள்வியை நாம் நம் மனச்சாட்சியிடம் முன்னமே எழுப்பியிருக்க வேண்டும். 30-ஆம் பிரிவின் உரிமையை நான் உயிரினும் மேலாக மதிக்கிறேன். என் பணிக்காலத்தில் அதற்காக நடந்த ஊர்வலங்களில் கொடி பிடித்து நடந்திருக்கிறேன். எண்ணிக்கையில் சிறியவர்கள் நசுங்கிப் போகாமல் இருக்கத் தரப்பட்ட கேடயம் அது. சபையின் ஏழைப் பிள்ளையை வாசலில் நிறுத்துவதற்கு அந்தக் கேடயத்தை எடுப்பது அந்த உரிமைக்கே நாம் செய்யும் அவமதிப்பு.

“மிஷனெரி முன்னோர்களின் அடிச்சுவட்டில்” என்று சுற்றறிக்கை தொடங்குகிறது. அந்த அடிச்சுவடு எங்கே போயிற்று என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க், திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கற்றவர். மறு ஆண்டிலேயே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் நடத்திய பெண்கள் பள்ளியில் எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுத்தரப்பட்டது. அந்தப் பின்னலை விற்ற காசில் தங்களை அடிமைத்தளையிலிருந்து மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லின் மனைவியாக இடையன்குடிக்கு வந்து, 1840களில் அந்தச் செம்மணல் தேரிக்காட்டில் பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளி நடத்தினார். அங்கும் அதே லேஸ் பின்னல். தாது வருஷப் பஞ்சத்தில் தாய்தகப்பனை இழந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு 1878-இல் நாசரேத்தில் மர்காசியஸ் தொழிற்பள்ளி தொடங்கினார். 1890களில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், சுவேன்சன் அம்மையார் காதுகேளாதோருக்கும் பள்ளிகளைத் தொடங்கினார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு புதிய கிறிஸ்தவப் பள்ளியை நிறுவியவர்கள்தான். நிறுவும் முன்னர், பள்ளியின் வாசல் எந்தப் பிள்ளைக்கு மூடியிருக்கிறது என்று பார்த்தார்கள். கண்டுபிடித்த பிறகுதான் கட்டடம் கட்டினார்கள். பல இடங்களில் கட்டடமே பிறகுதான் வந்தது. ஓலைக்கூரை ஜெபவீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மற்ற நாட்களில் அதே தரையில் உபதேசியாரின் பள்ளிக்கூடம்.

அப்படியொரு லேஸ் பள்ளியில் எழுத்துக் கற்றவர் என் பாட்டியின் தாயார். கோயில் தெருவில் நடக்கவும், மார்புக்குச் சீலை போடவும் மறுக்கப்பட்ட கூட்டத்தில் பிறந்தவர் அவர். அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க யாரும் அவருடைய தகப்பனின் மாத வருமானத்தைக் கேட்கவில்லை. அவர் எழுத்துக் கற்றதால் என் பாட்டி எட்டாம் வகுப்புப் படித்தார், என் தாயார் ஆசிரியை ஆனார், நான் தலைமையாசிரியை ஆனேன். தங்களுள் பலருடைய குடும்பக் கதையும் இதுவே என்பது எனக்குத் தெரியும். ஓய்வுநாள் பள்ளி ஆண்டுவிழாக்களில் தாங்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இனி, மூடப்போவதாகச் சொல்லும் பள்ளியைப் பற்றி. நான் 1994-இல் அங்கே சேர்ந்தபோது வருகைப் பதிவேட்டில் 112 பிள்ளைகள். இன்று 17. இந்த எண்ணிக்கையைக் காட்டித்தான் மூடவேண்டும் என்கிறீர்கள். எண்ணிக்கை எப்படிக் குறைந்தது என்று யாரும் வந்து கேட்கவில்லை. காலை ஏழே முக்காலுக்கு மூன்று மஞ்சள் வேன்கள் எங்கள் ஊருக்குள் வருகின்றன. அவற்றில் ஒன்று நம் திருமண்டலப் பள்ளியின் வேன். கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் அவற்றில் ஏறிப் போய்விடுகிறார்கள். மிஞ்சிய 17 பேரில் ஆறு பேர் நம் சபைப் பிள்ளைகள். மற்றவர்கள் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் பிள்ளைகள், ஆடு மேய்ப்பவர்களின் பிள்ளைகள், பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள். அவர்களுக்கு எந்த வேனும் வராது.

அந்தப் பள்ளியின் கூரையைப் பற்றியும் சொல்லவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. எங்கள் பள்ளியின் மேற்குப் பக்க ஓடுகள் சரிந்து விழுந்தன. நிதியுதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. நிர்வாக அலுவலகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன், இரண்டு முறை நேரில் போனேன். நிதி இல்லை என்றார்கள். வெள்ள நிவாரணத்தில் வந்த நீலநிறத் தார்ப்பாய் ஒன்றைப் பனையேறும் தகப்பன்மார் இருவர் மேலே ஏறி இழுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். அது தற்காலிகம் என்று நினைத்தோம். நான் ஓய்வு பெறும்வரை அந்தத் தார்ப்பாய்க்குக் கீழேதான் மூன்றாம், நான்காம் வகுப்புகள் நடந்தன. வெயில் ஏறினால் அதன் வழியாக இறங்கும் வெளிச்சத்தில் அறை முழுவதும் நீலமாகிவிடும். பிள்ளைகளின் சட்டையும், வெள்ளைத் தாளும், கரும்பலகையில் எழுதிய எழுத்தும் நீலம். ஒருநாள் படம் வரையச் சொன்னபோது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், இலைக்குப் பச்சை எது என்று தெரியவில்லை என்று இரண்டு கிரையான்களையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தான். சுற்றறிக்கை வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமையும், ஆலயத்தின் பக்கவாசலில் நின்று பார்த்தால் அந்தத் தார்ப்பாய் தெரிந்தது. இப்போது அது ஓரத்தில் கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பள்ளியை மூடினால் பிள்ளைகள் போகவேண்டிய அடுத்த பள்ளி நான்குவழிச் சாலைக்கு அப்பால் மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் தமிழக விதிகள் சொல்கின்றன. ஆறு வயதுப் பிள்ளை லாரிகள் பறக்கும் அந்தச் சாலையைத் தினமும் இரண்டு முறை கடக்கவேண்டும். 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதிகளில் நிதியுதவி பெறும் பள்ளிகளுக்கும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் விரிந்தபோது, எங்கள் பிள்ளைகளில் பலர் முதல்முறையாகச் சுடச்சுடப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் பாடத்துக்கு உட்கார்ந்தார்கள். அதற்கு முன்னர், பத்தரை மணிக்குக் கணக்குப் பாடத்தின்போது தலை சாய்ந்துவிடும் பிள்ளைகளுக்காக மேசை இழுப்பறையில் ரொட்டிப் பொட்டலம் வைத்திருப்பேன். பள்ளியை இணைத்துவிட்டால் இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் இணைந்த பள்ளிக்குப் போய்ச் சேருவார்கள் என்று தங்களில் யாராவது கணக்கிட்டீர்களா? சூளைப் பிள்ளைகள் போகமாட்டார்கள். செங்கல் புரட்டப் போய்விடுவார்கள்.

இன்னொன்றையும் செயற்குழு மறந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன். 1991-92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு அரசு பொதுவாக நிதியுதவி தருவதில்லை. ஆகவே நூறாண்டு பழமையான நிதியுதவி பெறும் பள்ளி ஒன்றை இன்று மூடினால், ஐந்து ஆண்டு கழித்து மனம் மாறி அதே இடத்தில் மறுபடியும் தொடங்க நினைத்தாலும், ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும் பள்ளியாக அது திரும்பக் கிடைக்காது. ஏழைப் பிள்ளைக்குக் கட்டணமின்றிக் கல்வி தர நம் முன்னோர் நமக்கு விட்டுப்போன ஒரே வழி அது. அதைக் கூரை ஒழுகுகிறது, எண்ணிக்கை குறைகிறது என்று கைவிடுவது, வயல் தரிசாகக் கிடக்கிறது என்று கிணற்றைத் தூர்ப்பதைப் போன்றது.

எண்ணிக்கையைக் கூட்ட வழி இல்லாமலா போயிற்று? 2016-இல் நானும் உடன் ஆசிரியரும் ஒரு சோதனை செய்தோம். மாலை நான்கு மணிக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆங்கிலம் பேசப் பழக்கினோம். எங்கள் சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு ஆட்டோ அமர்த்தினோம். ஒரே ஆண்டில் ஒன்பது பிள்ளைகள் வேனிலிருந்து எங்களிடம் திரும்பி வந்தார்கள். ஆட்டோவுக்கு மட்டுமாவது நிர்வாகம் உதவவேண்டும் என்று கேட்டோம். கிடைக்கவில்லை. உடன் ஆசிரியரும் மாற்றலாகிப் போனார். எண்ணிக்கை மறுபடியும் சரிந்தது. ஒரு வேனுக்கும் ஒரு ஆங்கில ஆசிரியருக்கும் ஆகும் செலவு, தாங்கள் திட்டமிடும் நீச்சல் குளத்தின் செலவில் எத்தனையில் ஒரு பங்கு என்று பொருளாளர் அவர்கள் சொல்லவேண்டும்.

புதிய பள்ளியின் வருமானம் திருமண்டலத்தின் மற்ற ஊழியங்களைத் தாங்கும் என்று சேகரக் கூட்டத்துக்கு வந்த தங்கள் பிரதிநிதி சொன்னார். இதே வாக்குறுதியை முன்னைய ஆங்கிலவழிப் பள்ளி தொடங்கும்போதும் கேட்டோம். அந்த வருமானத்திலிருந்து ஒரு கிராமப் பள்ளிக்கேனும் ஓடு மாற்றப்பட்டதா என்று நான் கேட்டபோது, எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

பள்ளியில் யார் கற்பிப்பார்கள், எப்படி நியமிக்கப்படுவார்கள் என்பதும் சுற்றறிக்கையில் இல்லை. 1994-இல் ஒரு காசு கொடுக்காமல், ஒரு சிபாரிசும் இல்லாமல் எனக்கு நியமன ஆணை வந்தது. இன்று திருமண்டலத்துப் பட்டதாரிப் பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்னர் எவ்வளவு பணம் தயார் செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி அவர்களுக்கு ஏன் இயல்பாகிவிட்டது என்பது தங்களுக்குத் தெரியும். என்னிடம் படித்து, முதுகலையும் பி.எட்.-உம் முடித்த ஒரு பெண், சபையார் நடத்தும் சுயநிதிப் பள்ளியில் மாதம் ரூ. 9,000-க்கு வேலை பார்த்தாள். பிள்ளைப்பேற்றுக்கு விடுப்புக் கேட்டபோது, வேலையை விட்டுவிட்டுப் பிறகு வந்து விண்ணப்பிக்கச் சொன்னார்கள். கிறிஸ்தவப் பள்ளி என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே இது நடந்தது.

சாதியைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க எனக்கு உரிமை இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர்க் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கைக்கயிறு முதலியவற்றைப் பள்ளிகளில் தடைசெய்யவேண்டும் என்றது. தென்மாவட்டங்களில் திருச்சபை ஒரு புதிய பள்ளி கட்டும்போது, சாதி வேறுபாடு இல்லாமல் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து உண்ணவும் படிக்கவும் அங்கே என்ன ஏற்பாடு என்பதுதான் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நம் சேகரங்களே சாதியின் கோட்டில் பிரிந்து நிற்பதையும், திருமண்டலத் தேர்தல்கள் எந்தக் கணக்கில் நடக்கின்றன என்பதையும் நான் சொல்லித் தாங்கள் அறியவேண்டியதில்லை. நுழைவுத் தேர்வும் பெற்றோர் நேர்காணலும் வைத்தால், யார் உள்ளே வருவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்பது இந்த மண்ணில் முன்கூட்டியே தெரிந்த விடை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள்களை வைக்கிறேன். ஜனவரி அடிக்கல்லைத் தள்ளிவையுங்கள். புதிய பள்ளியின் முழுத் திட்ட அறிக்கையையும், கட்டண விவரத்தையும், இதுவரை நடத்தும் சுயநிதிப் பள்ளிகளின் கடந்த ஐந்தாண்டு வரவுசெலவையும் தமிழில் அச்சிட்டு எல்லாச் சேகரங்களுக்கும் அனுப்பி, பெருமன்றத்தைக் கூட்டி விவாதித்த பிறகு முடிவெடுங்கள்.

புதிய பள்ளி வரத்தான் வேண்டுமென்றால், அதன் ஒவ்வொரு வகுப்பிலும் நான்கில் ஒரு பங்கு இடங்கள் கட்டணமின்றி ஏழைப் பிள்ளைகளுக்கு, எந்தச் சாதியார், எந்தச் சமயத்தார் என்று பாராமல், குலுக்கல் முறையில் தரப்படும் என்று தீர்மானமாக எழுதுங்கள். சட்டம் நம்மைக் கேட்கவில்லை என்பதற்காகவே நாமாகச் செய்யவேண்டியது இது. அந்தப் பிள்ளைகளைத் தனிப்பிரிவில் உட்கார வைக்கக் கூடாது. சீருடை, புத்தகம், வேன் கட்டணம் மூன்றும் அதில் அடங்கவேண்டும். இல்லாவிட்டால் இலவச இடம் பெயரளவில் நின்றுவிடும். பார்வை, செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கும், மனவளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்கும் அங்கே இடமும், பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேண்டும். பெற்றோர் நேர்காணலை அறவே விலக்குங்கள். சேர்க்கைக்கு நன்கொடை வாங்குவதில்லை என்று வாசலில் எழுதிவையுங்கள்.

ஆசிரியர் பணியிடங்களை வெளிப்படையாக விளம்பரம் செய்து, திருமண்டலத்துக்கு வெளியிலுள்ள கல்வியாளர்கள் அடங்கிய குழுவின் மூலம் நிரப்புங்கள். சம்பளத்தையும் மகப்பேற்று விடுப்பையும் நியமன ஆணையிலேயே குறிப்பிடுங்கள்.

தொடக்கப்பள்ளிகளை மூடும் அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறுங்கள். புதிய பள்ளிக்கென்று திரட்டும் தொகையில் முதற்பங்கை, முதற்பலன் காணிக்கை எப்படி எடுத்து வைக்கப்படுமோ அப்படி எடுத்து, கிராமப் பள்ளிகளின் கூரைக்கும் கழிப்பறைக்கும் செலவிடுங்கள். மூன்று நான்கு பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு வேனும் ஓர் ஆங்கில ஆசிரியரும் தந்து, மூன்று ஆண்டுகள் பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகள் வரவில்லையென்றால், மூடுவதைப் பற்றிப் பேச நானே கூட்டத்துக்கு வருகிறேன்.

கடைசியாக ஒன்று. பேராயர் அவர்கள் ஒருமுறை எங்கள் பள்ளிக்கு வரவேண்டும். பண்டிகைக்கு வரும்போது மாலை போட்டு ஆலயத்துக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள்; பள்ளி ஆலயத்துக்குப் பின்புறம் இருக்கிறது. வேலைநாளில், முன்னறிவிப்பு இல்லாமல், காலை பதினொரு மணிக்கு வாருங்கள். மூன்றாம் வகுப்பில் அரைமணி நேரம் உட்காருங்கள். இந்த மடலுக்குச் செயற்குழு தரும் பதிலை, சுற்றறிக்கை வாசிக்கப்பட்ட அதே அறிவிப்பு வேளையில் எல்லா ஆலயங்களிலும் வாசிக்கச் சொல்லுங்கள். டிசம்பர் முடிவதற்குள் அது எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
தங்கள் திருமண்டலத்தின் சபை அங்கத்தினர்